முகத்துக்கு எவ்வளவு மை

1

நாகர்கோவில் வடசேரியில் அச்சகம் நடத்தும் சுயம்பு அண்ணன் போன மாதம் தொலைபேசியில் ஒரு கட்டுரை கேட்டார். மாவட்டத்து அச்சகக்காரர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை கொண்டுவரும் மலருக்கு.

"மக்கா, அங்க ஒங்க நாட்டுல டிசைன் செய்யவன் எல்லாம் பேப்பரையும் மையையும் மிச்சம் பிடிச்சித்தான் வேல செய்வானாமே. மண்ணுக்கும் தண்ணிக்கும் கேடு வராம. அத நம்மாளுகளுக்கு வெளங்குத மாதிரி எழுதிக் குடு. நாலு பக்கம் போரும்."

"ஒங்க நாடு" என்றதை நான் மறுக்கவில்லை. 2007இல் ஜெர்மனிக்கு வந்தேன். பிரேமன் நகரத்தில் ஐந்து பேர் வேலை பார்க்கும் ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனத்தில் இருக்கிறேன். உணவுப் பொட்டலங்களுக்கும் சிறு புத்தகங்களுக்கும் அட்டை வடிவமைப்பது என் வேலை. மனைவி லில்லி முதியோர் இல்லத்தில் செவிலி. அவளுடைய வேலையால்தான் இங்கு வந்தோம். மகள் லியாவுக்குப் பதினான்கு வயது.

சுயம்பு அண்ணன் கேட்ட விஷயம் எனக்குக் கடினமானது அல்ல. எங்கள் அலுவலகச் சுவரில் பதினான்கு பழக்கங்கள் கொண்ட ஒரு பட்டியல் தொங்குகிறது. 2012இல் அதைத் தொகுத்தவன் நானே. அதைத் தமிழில் எழுதினால் கட்டுரை முடிந்தது. முதல் எட்டையும் ஒரே மாலையில் எழுதிவிட்டேன். ஒன்பதாவதில் மூன்று மாலைகளாக நிற்கிறேன்.

ஏன் நிற்கிறேன் என்பது சுயம்பு அண்ணனுக்குத் தெரியும். என் அக்காவின் நினைவு அட்டையை அச்சிட்டவர் அவர்தான். தொலைபேசியில் இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

2

இருபது ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். பிரேமனுக்கு வந்தபின் அதில் இரண்டு பத்திகள் கூடுதலாக வரைந்துகொண்டேன். ஒன்று, இன்று என் கையால் அச்சிட்ட தாள்கள் எத்தனை. இன்னொன்று, காரணம். மாலை ஐந்தேகாலுக்குக் கணினியை அணைக்குமுன் இரண்டையும் எழுதிவிடுவேன். பிறகு சைக்கிள். இருபத்திரண்டு நிமிடத்தில் வீடு.

பட்டியலின் முதல் பழக்கம்: இதை அச்சிடத்தான் வேண்டுமா என்று வாடிக்கையாளரிடம் கேட்பது. நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் இப்படிக் கேட்டிருந்தால் முதலாளி என்னை அன்றே பேருந்து ஏற்றியிருப்பார். இங்கே இதற்கு மரியாதை இருக்கிறது. கேட்டதில் பாதிப் பேர் யோசித்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள்.

இரண்டாவது: பெரிய தாளின் அளவை முதலில் பார்த்து, வெட்டினால் மிச்சம் விழாதபடி வேலையின் அளவை முடிவு செய்வது. மூன்றாவது: அப்படியும் ஓரத்தில் இடம் மிஞ்சினால் அங்கே இன்னொரு சின்ன வேலையைச் சேர்த்துவிடுவது.

நான்காவது பழக்கத்துக்காக எங்கள் மேலாளர் என்னைக் கூட்டத்தில் பாராட்டினார். அச்சு இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும்போது நிறம் சரியாக நிலைக்கும்வரை முப்பது நாற்பது தாள்கள் வீணாகும். அதற்குப் புதுத் தாளைப் போடாமல், முன்பே கெட்டுப்போன தாள்களை ஓட்டலாம் என்று சொன்னேன். கைதட்டினார்கள். அது என் யோசனையே அல்ல. நாகர்கோவிலில் சுயம்பு அண்ணன் தினமும் செய்தது. ஒரே தாளில் கல்யாணமும் கருமாதியும் கம்பெனித் திறப்பு விழாவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எதையும் வாசிக்க முடியாமல் கறுத்துக் கிடக்கும். அதன்பிறகும் அதைக் குப்பையில் போடமாட்டோம். தோவாளையிலிருந்து வரும் பூ வியாபாரிகள் பொதி கட்ட வாங்கிப் போவார்கள். இதற்கு அங்கே யாரும் பெயர் வைக்கவில்லை. சுவரிலும் ஒட்டவில்லை.

ஐந்து, ஆறு, ஏழு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அட்டையின்மேல் பிளாஸ்டிக் ஏடு ஒட்டாதே, தேவைக்கு மேல் எண்ணிக்கை போடாதே, எழுந்து போகும்போது திரையை அணை.

எட்டாவது: மாதிரித் தாள் எடுக்காதே, திரையிலேயே சரிபார்.

ஒன்பதாவது: மையைக் குறை.

இங்கே சற்று நிறுத்துகிறேன்.

3

என் அக்கா பெயர் ஸ்டெல்லா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். குளச்சலில் கடற்கரைக்கு இரண்டாவது தெருவில் வீடு. அத்தான் வளைகுடாவில் மீன்பிடி விசைப்படகில் இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை வருவார். அக்கா கருவாடு உணக்கி விற்றாள். ஏலத்தில் நெத்திலியும் சாளையும் எடுத்து, உப்பிட்டு, வெயிலில் பரப்பி, மணிக்கு ஒருமுறை புரட்டிப்போட்டு வாழ்ந்தவள்.

பிளக்ஸ் பேனர் வந்த காலம் அது. விழா முடிந்தால் பேனரைக் கழற்றிக்கொண்டு வந்து கருவாட்டுக்கு விரிப்பார்கள். ஒருமுறை நான் போயிருந்தபோது, எங்கள் அச்சகத்தில் நான் செய்த தேர்தல் பேனர் ஒன்று மணலில் மல்லாந்து கிடந்தது. வேட்பாளரின் கும்பிட்ட கைமேல் அக்கா நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, ஓட்டு கேக்க வந்தவன். ஜெயிச்சானா தோத்தானா தெரியல. இப்பம் காக்காயிலருந்து எனக்க நெத்திலிக்குக் காவல் கெடக்கான். ஒருத்தனாவது உருப்படியா ஒரு வேல செய்யான்."

அக்கா நல்ல கறுப்பு. நானும் அப்படித்தான், ஆனால் ஆணுக்கு அது பேச்சாகாது. அவளைத் தெருவில் கறுப்பி என்றே கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்ப்பாள், பதில் சொல்வாள், சண்டைக்குப் போகமாட்டாள்.

2004 டிசம்பரில் கடல் வந்தபோது அக்காவும் மகள் ஷைனியும் கோயிலில் இருந்தார்கள். உயிர் தப்பியது. வீட்டிலிருந்த எல்லாம் போனது. கல்யாண ஆல்பம், சுவரில் மாட்டியிருந்த படங்கள், ஷைனியின் ஞானஸ்நானப் படம், எதுவும் மிஞ்சவில்லை. வீட்டைச் சரிசெய்து திரும்பக் குடிபோனபோது சுவர்கள் வெறுமையாக இருந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து நான் வேலை செய்த அச்சகத்துக்கு வந்தாள். ஒன்பது வயது ஷைனியும் கூட வந்தாள். உறையிலிருந்து படத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தாள்.

"ஏலே அந்தோணி, இது ஆருல?"

பார்த்தேன். அன்று எல்லா ஸ்டுடியோக்களிலும் முகத்தை வெளுப்பாக்கித்தான் கொடுப்பார்கள். யாரும் கேட்கத் தேவையில்லை. அது ஒரு மரியாதை. அக்காவின் முகம் பால் கலந்த தேநீர்போல இருந்தது. மூக்கும் கண்ணும் அவளுடையவை. மற்றபடி வேறு யாரோ.

"நல்லாத்தான இருக்கு" என்று இயந்திரத்தின் பக்கத்திலிருந்து சுயம்பு அண்ணன் எட்டிப் பார்த்தார். அப்போது அவர் அங்கே இயந்திரம் ஓட்டுபவர். "வெளுப்பாட்டு, சினிமாக்காரி மாதிரி."

"வெயில்ல கெடந்து கருவாடு ஒணக்குதவ இப்பிடியா இருப்பா? நீரு வீட்டுக்குப் போனா ஒம்ம பெண்டாட்டிக்கு அடையாளம் தெரியாண்டாமா? ஒள்ள படம் பூரா கடல் கொண்டுபோச்சி. இருக்கது இது ஒண்ணு. இதுலயும் நான் இல்லன்னா பெறகு எதுல இருக்கது?" என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்க நெறத்தப் போட்டுத் தா."

படத்தைக் கணினியில் ஏற்றி நிறத்தைக் கூட்டத் தொடங்கினேன். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தன் முன்கையைத் திரையின் அருகே நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும். இன்னும் போடு. நெத்தி சரி, கன்னம் போராது. போதும் போதும், மீன் சட்டியா ஆக்கிராத. கொஞ்சம் கொற. ஆ, நில்லு. இது நான்."

அச்சில் எந்த நிறமும் நான்கு மைகளின் கலவைதான். அன்று என் நாட்குறிப்பில் அவள் கன்னத்தின் அளவை எழுதிவைத்தேன்: நீலம் 45, சிவப்பு 65, மஞ்சள் 75, கறுப்பு 35.

அச்சிட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, விளையாட்டாக அல்லாமல் சொன்னாள்:

"நான் செத்தா அடிக்கக்கூடிய படமும் இந்த நெறந்தான். ஒனக்கிட்ட சொல்லியாச்சி. வேற எவன் கையிலயும் குடுக்காத."

"சரிக்கா" என்றேன்.

4

எங்கள் குடியிருப்பின் பின்புறம் நான்கு தொட்டிகள் நிற்கின்றன. பழைய தாளுக்கு நீலம், பொட்டலங்களுக்கு மஞ்சள், சமையலறைக் கழிவுக்குப் பழுப்பு, எதிலும் சேராததற்குக் கறுப்பு. வந்த முதல் ஆண்டில் எண்ணெய் பிடித்த காகிதத்தை நீலத் தொட்டியில் போட்டுவிட்டேன். கீழ்வீட்டு அம்மையார் அதை வெளியே எடுத்து, நன்றாக மடித்து, என் கதவருகே வைத்துவிட்டுப் போனார். அதன்பின் நான் தவறு செய்ததில்லை. இப்போது புதிதாகக் குடிவருபவர்கள் எதை எங்கே போடுவது என்று என்னிடம் கேட்கிறார்கள்.

லியா இந்த ஒழுங்கிலேயே வளர்ந்தவள். என்னைவிடக் கண்டிப்பு. கடையில் ரசீது நீட்டினால் வேண்டாம் என்று கையெடுத்துத் தடுப்பாள். என் நாட்குறிப்பில் தாள் எண்ணிக்கையைப் பார்த்து "நேற்று ஏன் நாலு?" என்று கேட்பாள். தமிழில் தொடங்கி ஜெர்மனில் முடிப்பாள். வரவர ஜெர்மனில் தொடங்கி ஜெர்மனிலேயே முடிக்கிறாள். இங்கே வந்தபின் அக்காவை அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். இரண்டாவது முறை, பத்து வயதில், அக்கா பொரித்துக் கொடுத்த மீனைத் தின்ன மறுத்துவிட்டாள். "கொழந்த மீன் பாவம்னு சொல்லுதா. நாம என்ன செய்ய, நமக்கு அந்தப் பாவந்தான் சோறு" என்று அக்கா சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டாள்.

2015இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷைனி அழைத்தாள். கடற்கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழவில்லை.

அப்போது என் கடவுச்சீட்டு என் கையில் இல்லை. புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன்; திரும்பி வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதில் யார்மீதும் குற்றமில்லை. மறுநாள் மாலை நான்கு மணிக்கு அடக்கம். கடவுச்சீட்டு இருந்திருந்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன் என்று கணக்குப் பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு.

ஊருக்குப் போகாவிட்டாலும் வீட்டில் இருக்கலாம் என்று அலுவலகத்தில் விடுப்புப் படிவம் கேட்டேன். துக்க விடுப்புக்கு மூன்று கட்டங்கள் இருந்தன: வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளை. உடன்பிறந்தவருக்குக் கட்டம் இல்லை. படிவத்தைக் கொடுத்த பெண் சங்கடத்தோடு, "நெருக்கமான உறவா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஜெர்மனில் சரியான விடை எனக்குத் தெரியும். சாதாரண விடுப்பில் ஒருநாள் எழுதிக்கொடுத்தேன்.

வியாழக்கிழமை திரும்பிப் போனபோது மேலாளர் என் கையைப் பற்றி ஆழ்ந்த அனுதாபம் சொன்னார். இங்கே ஒருவர் நல்ல வாரக்கடைசி என்று வாழ்த்தினால், "உங்களுக்கும் அப்படியே" என்று பதில் சொல்ல வேண்டும். எட்டு ஆண்டுகளாக வெள்ளிதோறும் சொல்லிச் சொல்லி நாக்கில் பதிந்த சொல். அதைத்தான் அன்றும் சொன்னேன். "உங்களுக்கும் அப்படியே." அவர் கை ஒரு கணம் என் கைக்குள் அசையாமல் இருந்தது. பிறகு தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். நான் இடத்தில் உட்கார்ந்து கணினியைத் திறந்தேன்.

5

அடக்கத்துக்குப் போகவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கும் போக முடியவில்லை. முதலாம் ஆண்டுப் பூசைக்கு வருகிறேன், நினைவு அட்டையை நானே செய்கிறேன் என்று ஷைனிக்குச் சொன்னேன். ஒரு பக்கம் படமும் பெயரும், மறுபக்கம் ஒரு செபமும் உள்ள உள்ளங்கை அளவு அட்டை. பூசைக்கு வருபவர்களுக்குக் கொடுப்பார்கள். அவர்கள் அதைத் தங்கள் வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். குளச்சலில் பல வீடுகளில் வேதப் புத்தகத்தைத் திறந்தால் அந்த வீட்டுக்கும் தெருவுக்கும் உரிய இறந்தவர்கள் எல்லாரும் பக்கங்களுக்கு இடையில் இருப்பார்கள்.

2005இல் நிறம் சரிசெய்த கோப்பு என்னிடம் குறுந்தகட்டில் பத்திரமாக இருந்தது. தேதியும் பெயரும் எழுதிய உறையில். அலுவலகத்தில் மதிய இடைவேளைகளில் செய்தேன், மூன்று நாள். ஷைனியை நீக்கி அக்காவை மட்டும் எடுத்தேன். அளவுகளைச் சோதித்தேன். 45, 65, 75, 35. பழைய நாட்குறிப்போடு ஒப்பிட்டேன். ஒரு புள்ளி மாறவில்லை. பெரிய தாளில் மிச்சம் விழாத அளவு. பிளாஸ்டிக் ஏடு இல்லை. முந்நூறு போதும். எல்லாம் பட்டியல்படி.

இனி ஒன்பதாவது பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகக் கணினிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. முடித்த வேலையை அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பாக மாற்றும்போது, படங்களில் உள்ள மையில் கால் பங்கை அது தானாகவே குறைத்துவிடும். நம் திரையில் ஒன்றும் தெரியாது; போகிற கோப்பில்தான் குறையும். ஆண்டுக்கு எத்தனையோ டப்பா மை மிச்சமாகிறது. நான்தான் அதை அமைத்தேன். அதுவரை நான்கு ஆண்டுகளில் ஒரு வாடிக்கையாளர்கூட நிறம் குறைந்ததாகச் சொன்னதில்லை. நாங்கள் அச்சிடும் படங்களில் வருபவர்கள் ரொட்டி தின்னும் குழந்தைகள், சைக்கிளில் போகும் முதியவர்கள், இந்த நாட்டுக்காரர்கள். அந்த முகங்களுக்கு மை அதிகம் தேவைப்படுவதில்லை. குறைத்தாலும் அவர்கள் அவர்களாகவே இருக்கிறார்கள்.

இது அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நினைவுக்கு வந்திராவிட்டாலும் ஒரு மாதிரித் தாள் எடுத்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். மாதிரி எடுப்பதென்றால் அச்சகத்துக்குப் போகும் கோப்பிலிருந்தே எடுப்போம். அலுவலக அச்சுப்பொறி என் மேசையிலிருந்து ஆறடியில் இருந்தது. எடுக்கலாமா என்று ஒருமுறை எழுந்தும் நின்றேன். அந்த மாதம் என் நாட்குறிப்பில் தாள்களின் பத்தி முழுவதும் பூஜ்யம். பதினெட்டு வேலை நாள், பதினெட்டுப் பூஜ்யம். அந்த வரிசையைக் கெடுக்க மனம் வரவில்லை. உட்கார்ந்து கோப்பை அனுப்பினேன்.

சுயம்பு அண்ணன் அன்றே அழைத்தார். "மாதிரி ஒண்ணு எடுத்து குளச்சலுக்குக் குடுத்தனுப்பட்டா மக்கா? பிள்ள பாத்துக்கிடுவா."

"வேண்டாம் அண்ணே. நான் எல்லாம் பாத்தாச்சு. தாள் வீணாக்காண்டாம்."

"செரி. ஒனக்க வேலன்னா நான் பாக்கவே வேண்டாம்."

6

பூசைக்கு முந்தின நாளே போய்விடும்படி பயணச்சீட்டு எடுத்திருந்தேன். இடையில் விமானம் மாறும் இடத்தில் பதினோரு மணி நேரத் தாமதம். திருவனந்தபுரத்தில் இறங்கி வாடகைக் காரில் குளச்சல் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வந்தவர்கள் கையிலெல்லாம் அட்டை. அக்காவோடு ஏலத்தில் நிற்கும் மிக்கேலம்மா என்னைக் கண்டு நேராக வந்தாள். என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"வந்தியா மக்கா. இப்பமாவது வந்தியே." பிறகு அட்டையை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "நீதான் செய்தியாம், ஷைனி சொன்னா. கொள்ளாம், கேட்டியா. ஒனக்க அக்கா மோட்சத்துக்குப் போயி எப்பிடி வெளுத்திட்டா பாரு."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. உண்மையிலேயே மகிழ்ந்தார்கள். ஒருத்தி, "உயிரோட இருக்கும்ப கறுப்பி கறுப்பின்னு கூப்பிட்டோம். பாவம், இப்பம் எல்லாத்துக்கும் மேல நெறமாட்டு இருக்கா" என்று அட்டையை முத்தமிட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள்.

வாங்கிப் பார்த்தேன். பால் கலந்த தேநீர். 2005இல் என் மேசைமேல் கிடந்த அதே பெண்.

அத்தானுக்கு வளைகுடாவிலிருந்து வர விடுப்புக் கிடைக்கவில்லை; கோயில் கதவருகே கூடையோடு ஷைனி தனியாக நின்றிருந்தாள். இருபது வயது. அம்மாவின் நிறம், அம்மாவின் உயரம். வருகிறவர்களுக்கு அட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுக்கும்போது கூடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தாள். கடைசி ஆள் போகும்வரை நின்று கொடுத்து முடித்தாள்.

வீட்டில் எனக்குத் தேநீர் போட்டுத் தந்தாள். அதன்பிறகுதான் பேசினாள்.

"நேத்து சாயங்காலம் அட்டைக் கெட்டு வந்தது மாமா. பிரிச்சிப் பாத்தேன். நீங்க பிளேன்ல இருந்தீங்க. ஆருக்கிட்ட சொல்ல?"

"சுயம்பு அண்ணனுக்கு..."

"கூப்பிட்டேன். மாமா செய்த பைலு, அதுல நான் கை வைக்க மாட்டேன்னாரு. ஒருவேள அங்க இப்பிடித்தான் செய்வாங்களோன்னு நெனச்சேன்." தேநீரை என் பக்கம் நகர்த்தினாள். "அன்னிக்கு அம்மகூட நானும் வந்தேன்லா. அம்ம கைய நீட்டிப் பிடிச்சிட்டு நின்னா. எனக்கு நீங்க பன்னீர் சோடா வாங்கித் தந்தீங்க. எனக்கு எல்லாம் ஓர்மை இருக்கு மாமா."

எனக்கும் இருந்தது. அந்த அளவுகள்கூட இருந்தன. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. திருத்தி முந்நூறும் மறுபடி அடித்துத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம். எல்லாரும் பைபிளுக்குள்ள வச்சாச்சி. வீடுவீடாப் போயி அம்மயத் திருப்பித் தாங்கன்னு கேக்கவா?" அவள் குரலில் கோபம் இல்லை. "அவங்களுக்கு இதுதான் பிடிச்சிருக்கு. அம்ம கேட்டா ஏசுவா. ஏசுததுக்கு ஆளு இல்ல."

கூடையை எண்ணினேன். அறுபத்தொன்று மிச்சம்.

7

மறுநாள் காலை வடசேரிக்குப் போனேன். சுயம்பு அண்ணன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அளவு பார்க்கும் கருவியை அட்டையில் வைத்துக் காட்டச் சொன்னேன். நீலம் 34, சிவப்பு 49, மஞ்சள் 56, கறுப்பு 26. நான்கிலும் சரியாகக் கால் பங்கு குறைந்திருந்தது. அந்த நான்கு எண்களைப் பார்த்தவுடன் என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. அவருக்கு விளக்கினேன்.

அவர் கருவியைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

"ஓடும்போதே நெனச்சேன் மக்கா. ஸ்டெல்லா இந்த நெறம் இல்லியேன்னு. கைய நீட்டிட்டு நின்னது எனக்கும் தெரியும். என்னயும் அன்னிக்கு நல்லா கேட்டா. ஆனா ஒனக்க பைலு. நீ பெரிய எடத்துல இருக்க. மிஷின நிறுத்தி ஒருவார்த்த கேட்டிருக்கலாம். கேக்கல."

"நான்தான் மாதிரி வேண்டாம்னேன் அண்ணே."

"நீ வேண்டாம்னா நான் எடுக்காண்டாமா? பேப்பரு எனக்கதுதான."

என் மடிக்கணினியிலிருந்து, எந்தக் குறைப்பும் இல்லாமல், அவருடைய சிறிய இயந்திரத்தில் பெரிய அளவில் படத்தை எடுத்தோம். முதல் தாள் சற்றுச் சிவந்திருந்தது. இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவது தாள் வெளியே வந்தபோது அண்ணன் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அவர் தன் முன்கையைப் படத்தின் அருகே நீட்டினார். அவர் மாநிறம், ஒப்பிட முடியாது. நான் என் கையை நீட்டினேன்.

"இது அவதான்" என்றார்.

அதேபோல் இன்னொன்றும் எடுத்தோம். ஒன்று ஷைனியின் சுவருக்கு, ஒன்று எனக்கு. இன்னும் பத்து எடுத்துக்கோ என்றார். போதும் என்றேன். நான் கையோடு கொண்டுபோயிருந்த, மிஞ்சிய வெளுத்த அட்டைகளை, "இஞ்ச வச்சிட்டுப் போ, மிஷின் ஓட்டத்துக்குப் போட்டுக்கிடுதேன்" என்று கை நீட்டினார். நான்காவது பழக்கம். கொடுக்க வேண்டியதுதான். நீட்டிய கையைப் பார்த்தபடி நின்றேன். அவரே புரிந்துகொண்டு கையை இழுத்துக்கொண்டார்.

8

அறுபத்தொன்றும் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஊரிலிருந்து திரும்பிய வாரம் அவற்றை ஓர் உறையில் போட்டுக் கீழே கொண்டுபோனேன். தாள்; பிளாஸ்டிக் இல்லை; நீலத் தொட்டி. மூடியைத் திறந்தேன். நெளிந்த அட்டைப்பெட்டிகளும் விளம்பரத் தாள்களும் கிடந்தன. மூடிவிட்டு மேலே வந்தேன். நம் ஊரில் முகமும் செபமும் உள்ளதைக் குப்பையில் போடமாட்டார்கள். ஆனால் இது அவள் முகம் இல்லை. அவள் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. குடியிருப்பில் எல்லாருக்கும் எதை எங்கே போடுவது என்று சொல்கிறவன் நான். இதற்கு எனக்குத் தொட்டி தெரியவில்லை.

போன சனிக்கிழமை லியா அளவுகோல் தேடி இழுப்பறையைத் திறந்தாள். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள்.

"அப்பா, அத்தை கார்டு ஏன் இத்தனை? இது பழைய தாள்ல போடலாமே. நீங்கதான் சொல்வீங்க."

தமிழிலேயே சொன்னாள். நான் போய் அந்தப் பெரிய படத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தேன். சுவரில் மாட்ட எனக்கு இன்னும் துணிவு வந்திருக்கவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"இது உங்கள மாதிரியே இருக்கு."

கையிலிருந்த அட்டையைப் படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப இது யாரு?"

நான் உட்கார்ந்தேன். இதுவரை எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். இடையில் இரண்டு சொற்களுக்கு அர்த்தம் கேட்டாள். கருவாடு என்பதற்கு ஒருமுறை, மோட்சம் என்பதற்கு ஒருமுறை. அத்தை கையை நீட்டிக்கொண்டு நின்ற இடம் வந்ததும் அவளும் தன் கையைப் படத்தின்மேல் நீட்டிப் பார்த்தாள். லில்லியின் நிறம் அவளுக்கு, பொருந்தவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

சற்றுக் கழித்து, "எனக்கு ஒண்ணு எடுத்துத் தருவீங்களா? சின்னதா. புத்தகத்துல வைக்க" என்றாள்.

சுயம்பு அண்ணனுக்கும் மலரை வாசிக்கும் அச்சகத் தோழர்களுக்கும்: மீதமுள்ள ஐந்து பழக்கங்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். எல்லாம் நல்லவை, தயங்காமல் பின்பற்றலாம். எட்டாவதையும் ஒன்பதாவதையும் மட்டும் நம் ஊருக்கு ஏற்ப மாற்றியிருக்கிறேன். எட்டு: படத்தில் ஆள் இருந்தால் ஒரு மாதிரித் தாள் எடுத்து, அந்த ஆளைத் தெரிந்த ஒருவர் கையில் கொடு. ஒன்பது: பின்னணியில் குறை, எழுத்தில் குறை, பூவேலையில் குறை. முகத்தில் குறைக்காதே.

இங்கே எங்கள் அலுவலகச் சுவரில் இருக்கும் பட்டியலில் ஒன்பதாவது இன்னும் பழையபடியே இருக்கிறது. அதை மாற்றச் சொல்லிக் கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று சொற்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில், மை குறைக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, லியாவுக்கு உள்ளங்கை அளவில் ஒரு படம் எடுத்தேன். வெளிச்சத்தில் பார்த்தேன். என் கையை அருகே வைத்துப் பார்த்தேன். மாலை ஐந்தேகாலுக்கு நாட்குறிப்பைத் திறந்து தாள்களின் பத்தியில் 1 என்று எழுதினேன். காரணம் என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று சற்று யோசித்துவிட்டு, அக்காவின் பெயரை எழுதினேன்.